படிப்பு வீசாவுக்கு 70 புள்ளி: காசு கட்டும் முன் கணக்குப் பாருங்கள்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தால் முன்பெல்லாம் நம்ம லயங்களில் இரண்டு பேச்சுத்தான். ஒன்று, கெம்பஸ் கிடைக்குமா? இல்லாவிட்டால், கொழும்பில் என்ன வேலை? இப்போது மூன்றாவது பேச்சு ஒன்று வந்திருக்கிறது. "ஸ்டூடன்ட் வீசாவில் லண்டன் அனுப்பலாமா?" டவுனுக்குப் போனால் பஸ் நிற்கிற இடமெல்லாம் நோட்டீஸ். "புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை, நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று சில ஏஜென்சிகள் சொல்கின்றன. அதை நம்பி நகையை அடகு வைத்தவர்களும், ஓய்வு பெற்று வாங்கிய இ.பி.எப். காசை அப்படியே தூக்கிக் கொடுத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிப்பதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. போகக்கூடிய பிள்ளை போகட்டும். ஆனால் இந்த "புள்ளி" என்றால் என்ன, அது எப்படிக் கிடைக்கிறது என்று தெரியாமல் ஒரு சதம்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இதில் சொல்வதெல்லாம் பிரித்தானியா, அதாவது நாம் லண்டன் என்று சொல்கிற நாட்டின் மாணவர் வீசாவைப் பற்றியது. மற்ற நாடுகளுக்கு விதி வேறு.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள்?

பிரித்தானியா 2009இல் மாணவர் வீசாவுக்குப் புள்ளி முறையைக் கொண்டு வந்தது. இப்போது இருக்கிற மாணவர் வீசா 2020 ஒக்டோபர் 5ஆம் திகதி தொடங்கியது. இதற்கு 70 புள்ளி வேண்டும். அது இப்படிப் பிரியும்:

படிப்புக்கு: 50 புள்ளி
ஆங்கிலத்துக்கு: 10 புள்ளி
காசுக்கு: 10 புள்ளி

கூட்டினால் சரியாக 70. மேலதிகமாக ஒரு புள்ளிகூட இல்லை. இதைத்தான் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சையில் 100க்கு 60 எடுத்தால் பாஸ். இங்கே 70க்கு 60 எடுத்தால் வீசா இல்லை. ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கும் காசுப் பக்கம் 10 இல்லாவிட்டால் கிடைக்காது. கோடி ரூபாய் வைத்திருப்பவரின் பிள்ளைக்கும் ஆங்கிலப் புள்ளி இல்லாவிட்டால் கிடைக்காது.

கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேராவது போடுவார்கள். வீசாவில் அரைப்பேர் கிடையாது. ஒவ்வொரு பகுதியிலும் முழுப்பேர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே "புள்ளி குறைந்தாலும் எடுத்துத் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது தெரிந்துகொண்டே பொய் சொல்கிறார்.

படிப்புக்கு 50 புள்ளி

இந்த 50 புள்ளியைத் தருவது ஏஜென்சி அல்ல. அங்குள்ள பல்கலைக்கழகம் அல்லது கல்லூரிதான். பிள்ளையை முழுநேரப் படிப்புக்கு ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் ஒரு உறுதிப்படுத்தல் இலக்கம் கொடுப்பார்கள். அதை எல்லோரும் "காஸ்" என்று சொல்வார்கள். காஸ் என்பது சட்டம் போட்டு மாட்டுகிற சான்றிதழ் அல்ல. பிரித்தானியக் குடிவரவுத் திணைக்களத்தின் கணினியில் பதிவாகிற ஒரு இலக்கம். பிள்ளையின் பெயர், படிப்பு, தொடங்கும் திகதி, முழுக் கட்டணம், அதில் கட்டி முடித்தது எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எல்லாக் கல்லூரிக்கும் காஸ் கொடுக்க அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசாங்கம் தன் இணையத்தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்குக் காசு இல்லை. போன் இருக்கிற பிள்ளை பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஏஜென்சி சொல்லும் கல்லூரியின் பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது, "ஓபர் லெட்டர்" வேறு, காஸ் வேறு. ஓபர் லெட்டரில் பெரும்பாலும் நிபந்தனை இருக்கும். "இந்தப் பெறுபேறு வந்தால், இந்த முற்பணம் கட்டினால்" என்று போட்டிருக்கும். அதைக் காட்டி "வீசா வந்த மாதிரித்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு ஒரு புள்ளியும் கிடையாது.

மூன்றாவது, காஸ் கிடைத்து ஆறு மாதத்துக்குள் அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். ஒரு காஸ் ஒரு தடவைக்குத்தான். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர் படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்கவும் முடியாது.

ஆங்கிலத்துக்கு 10 புள்ளி

பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேலே என்றால் "பி2" என்ற மட்டம் வேண்டும். பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்பு என்றால் "பி1" மட்டம். எழுத, வாசிக்க, பேச, கேட்டு விளங்க என்று நான்கிலும் அந்த மட்டம் இருக்க வேண்டும். மூன்றில் நன்றாகச் செய்து ஒன்றில் விழுந்தாலும் போதாது.

நம்ம பிள்ளைகள் கேட்பது: "சாதாரண தரத்தில் இங்கிலீஷ் ஏ இருக்கிறதே, போதாதா?" வீசா விதியில் நம் நாட்டுச் சாதாரண தர ஆங்கிலம் தனியாகச் சேர்க்கப்படவில்லை. ஆனால் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளையின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டு, போதும் என்று காஸில் எழுதலாம். சில பல்கலைக்கழகங்கள் நம் நாட்டுப் பெறுபேற்றைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும், சில கொள்ளாது. அதைப் பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்க வேண்டும். பட்டத்துக்குக் கீழே என்றால், அரசாங்கம் அங்கீகரித்த பரீட்சையை அங்கீகரித்த நிலையத்தில் எழுதியே ஆக வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். அப்படிப்பட்ட ஒன்று. அதிலும் வீசாவுக்கென்று தனியாக நடத்துவது ஒன்று இருக்கிறது. பணம் கட்டும்போது அதைக் கேட்டுக் கட்டுங்கள். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

பி2 மட்டத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் ஒவ்வொரு பகுதியிலும் 5.5 வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். இந்தப் புள்ளியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பத்தாம் வகுப்பிலிருந்தே பிள்ளை தயாராக வேண்டும். ரேடியோவில், போனில் இங்கிலீஷ் செய்தி கேட்பது, பத்திரிகையைச் சத்தம் போட்டு வாசிப்பது, கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்து கூச்சமில்லாமல் பேசிப் பழகுவது, இதற்கெல்லாம் செலவில்லை.

காசுக்கு 10 புள்ளி

பத்துப் புள்ளிதான். ஆனால் நம்ம குடும்பங்களுக்கு மலை ஏறுவது போலக் கஷ்டமானது இதுதான். இங்கே பவுண் என்று சொல்வது நகைப் பவுண் அல்ல, இங்கிலாந்துக் காசு.

காட்ட வேண்டியது இரண்டு. ஒன்று, முதல் வருடப் படிப்புக் கட்டணத்தில் இன்னும் கட்டாமல் இருக்கும் பாக்கி. இரண்டு, அங்கே இருந்து சாப்பிடுவதற்கான செலவு. இந்தச் செலவுத் தொகையை 2025 நவம்பர் 11 முதல் கூட்டினார்கள். லண்டன் நகரத்துக்குள் படித்தால் மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண். கூடியது ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டனுக்கு வெளியே ஒரு வருடப் படிப்பு. கட்டணம் 14,000 பவுண் என்று வைத்துக்கொள்வோம். முற்பணமாக 4,000 கட்டியாகிவிட்டது.

கட்டணப் பாக்கி: 10,000 பவுண்
செலவு: 1,171 பவுண் வீதம் 9 மாதத்துக்கு 10,539 பவுண்
வங்கியில் காட்ட வேண்டியது: 20,539 பவுண்

ஒரு பவுண் 400 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் இது 82 இலட்சத்து 15 ஆயிரத்து 600 ரூபாய். முற்பணத்துக்குப் போன 16 இலட்சம் தனி.

ஒரு பேருக்கு 1,750 ரூபாய் என்று வைத்தாலும் 82 இலட்சத்துக்கு ஏறக்குறைய 4,695 பேர் போட வேண்டும். மாதம் 25 பேர் என்றால் பதினைந்து வருடத்துக்கு மேலே. அதுவும் ஒரு சதம் சாப்பாட்டுக்கு எடுக்காமல். மனதை உடைக்க இதை எழுதவில்லை. இந்தக் கணக்கை ஏஜென்சிக்காரர் முதல் நாளில் சொல்ல மாட்டார். முற்பணமும் சேவைக் கட்டணமும் வாங்கிய பிறகுதான் "பேங்கில் கொஞ்சம் காசு காட்டணும்" என்பார். அதற்குள் நகை போயிருக்கும்.

காசு எங்கே, எவ்வளவு நாள் இருக்க வேண்டும்?

அந்தத் தொகை முழுவதும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் புள்ளி போய்விடும். அந்த 28ஆவது நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகவும் கூடாது. உதாரணமாக, மே 14 முதல் ஜூன் 10 வரை காசு இருந்ததை வங்கிக் கூற்று காட்டினால், ஜூலை 11க்குள் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.

யாருடைய கணக்கு செல்லும்? பிள்ளையின் சொந்தக் கணக்கு, அம்மா அல்லது அப்பாவின் கணக்கு, சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கு. திருமணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவியின் கணக்கும் சில நிலைமைகளில் செல்லும். பெற்றோரின் கணக்கு என்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், இந்தக் காசைப் பிள்ளையின் படிப்புக்குத் தரச் சம்மதம் என்ற கடிதமும் வேண்டும்.

யாருடையது செல்லாது? கட்டாரில் இருக்கும் மாமாவின் கணக்கு, கொழும்பில் கடை வைத்திருக்கும் அண்ணனின் கணக்கு, சித்தப்பாவின் கணக்கு எதுவும் செல்லாது. அவர்கள் உதவுவதென்றால் காசைப் பிள்ளையின் அல்லது பெற்றோரின் கணக்கில் போட்டு, அது 28 நாள் கிடக்க வேண்டும். திடீரென்று பெருந்தொகை வந்தால் "எங்கிருந்து வந்தது?" என்று கேட்கலாம். உண்மையைச் சொல்லவும் காட்டவும் தயாராக இருக்க வேண்டும்.

நகை, வீட்டுக் காணி, பங்குப் பத்திரம், இன்னும் கையில் வராத இ.பி.எப்., சீட்டுக் காசு, இவை புள்ளிக்குச் சேராது. உடனே எடுக்கக்கூடிய காசுதான் காசு. முறையான வங்கியில் பிள்ளையின் பேரில் எடுக்கும் கல்விக் கடன் செல்லும். அதற்கு வங்கியின் உரிய கடிதம் வேண்டும். ஆனால் கடன் என்றால் பிணை கேட்பார்கள், மாதாமாதம் வட்டியும் கட்ட வேண்டும்.

"ஷோ மணி" என்னும் குழி

"28 நாளைக்கு நாங்கள் காசு போட்டுத் தருகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் போலி வங்கிக் கடதாசியே அடித்துத் தருகிறார்கள். இதில் மாட்டிக்கொள்வது ஏஜென்சிக்காரர் அல்ல, கையெழுத்துப் போட்ட பிள்ளை. போலிக் கடதாசி கொடுத்ததாக, அல்லது பொய் சொல்லி ஏமாற்றியதாகக் கண்டால் வீசாவை மறுப்பதோடு 10 வருடம் வரை அந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் மறுக்க விதியில் இடமிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது வரை கதவு பூட்டு. "ஏஜென்ட் செய்தது எனக்குத் தெரியாது" என்பது அங்கே எடுபடுவது கஷ்டம்.

பெயரில் வரும் வில்லங்கம்

இது நம்ம தோட்டங்களுக்கே உரிய தொல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். ராமசாமி என்பது ஓரிடத்தில் இராமசாமி, இன்னோரிடத்தில் ராமசாமிப்பிள்ளை. அம்மாவின் பெயர் சான்றிதழில் வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அடையாள அட்டைப் பெயராக இருக்கும். அப்பா அம்மாவின் கணக்கைக் காட்டி 10 புள்ளி எடுக்க வேண்டும் என்றால், சான்றிதழில் உள்ள அப்பாவும் வங்கிக் கணக்கில் உள்ள அப்பாவும் ஒரே ஆள் என்று தெரிய வேண்டும்.

ஆகவே வெளிநாடு போகிற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை இப்போதே பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தத்துக்கு எழுதிக் கொடுங்கள். நாள் எடுக்கும், அதனால் காஸ் வந்த பிறகு ஓடினால் சரிவராது. தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து இங்கிலீஷில் எடுக்க வேண்டும்.

70 இருந்தாலும் போதாது

புள்ளிக்கு வெளியே இன்னும் சில இருக்கின்றன.

காசநோய்ச் சோதனை: இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர் கட்டாயம் காட்ட வேண்டும். சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு கொழும்பில் நடத்தும் நிலையத்தில்தான் எடுக்க வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக் கடதாசி செல்லாது.

வீசாக் கட்டணம்: 2025 ஏப்ரலில் இதை 524 பவுண் ஆக்கினார்கள். அடிக்கடி கூட்டுவார்கள், ஆகவே கட்டும் நாளில் எவ்வளவு என்று பாருங்கள். மறுத்தால் இந்தக் காசு திரும்பி வராது.

சுகாதாரக் கட்டணம்: 2024 பெப்ரவரியிலிருந்து மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண். வீசா முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்புக்கு வீசா ஒரு வருடத்துக்கு மேலே போவதால் 1,164 பவுண் வரும். வீசா மறுத்தால் இது திரும்பக் கிடைக்கும்.

நேர்முகம்: உண்மையிலேயே படிக்கத்தான் போகிறாரா என்று கேட்டுப் பார்ப்பார்கள். என்ன படிப்பு, ஏன் அந்த இடம், முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். ஏஜென்சி எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி ஒப்பித்தால் பிடித்துவிடுவார்கள்.

போன பிறகு சம்பாதித்துக் கடனை அடைக்கலாமா?

"போய் வேலை செய்து ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம்" என்ற பேச்சை நம்பித்தான் நிறையப் பேர் வட்டிக்கு எடுக்கிறார்கள். பட்டப்படிப்பு மாணவர் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்பு என்றால் 10 மணித்தியாலம்தான். மீறினால் வீசா போகும். அந்தச் சம்பளம் பெரும்பாலும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும்.

கணவன், மனைவி, குழந்தையைக் கூட்டிப் போவதும் முன்பு போல இல்லை. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய படிப்புகளில் ஆராய்ச்சிப் படிப்புப் படிப்பவர் அல்லது அரசாங்கப் புலமைப்பரிசிலில் போகிறவர்தான் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம். பட்டம் முடித்து அங்கே தங்கி வேலை தேடுகிற வீசா 2 வருடத்துக்கு இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் அதற்கு விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம்தான்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை

ஏஜென்சி எல்லாம் திருடர்கள் அல்ல. ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் காசு கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. கல்லூரியின் முழுப் பெயர் என்ன? அது அரசாங்கப் பட்டியலில் இருக்கிறதா?
2. மொத்தம் வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்? பவுணிலும் ரூபாயிலும் எழுதித் தாருங்கள்.
3. உங்கள் கட்டணம் எவ்வளவு? வீசா மறுத்தால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள்?
4. முற்பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நாங்களே நேரடியாகக் கட்டலாமா?
5. பிள்ளையின் விண்ணப்பத்தை அனுப்பும் முன் முழுவதும் வாசிக்கத் தருவீர்களா?

இதில் ஒன்றுக்கு "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அக்கா" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "படிப்பு வீசாவில் போய் நேரே வேலை" என்று சொன்னால் அது படிப்பு அல்ல, ஆள் அனுப்புகிற வேலை. அதற்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். கடவுச்சீட்டையும் அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள்.

நம்ம பிள்ளைக்கு வேறு வழி இல்லையா?

இருக்கிறது. கொஞ்சம் சுற்றுவழி, ஆனால் கடனில்லாத வழி.

காசுக்கான 10 புள்ளியை வங்கிக் கணக்கு இல்லாமலும் எடுக்கலாம். அரசாங்கமோ சர்வதேச புலமைப்பரிசில் நிறுவனமோ படிப்புக் கட்டணத்தையும் செலவையும் முழுதாக ஏற்றால், அவர்களின் கடிதமே போதும். பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசில் அப்படிப்பட்டது. இலங்கையரும் விண்ணப்பிக்கலாம். ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பு, கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். முதல் பட்டமும், இரண்டு வருடத்துக்குச் சமமான வேலை அனுபவமும் வேண்டும். முடித்து இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் காசு இல்லை. பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் இருக்கிறது. போட்டி கடுமைதான், ஆனால் வீட்டை விற்க வேண்டியதில்லை.

ஆகவே உயர்தரம் முடித்த பிள்ளை முதலில் இங்கேயே பட்டம் எடுக்கப் பார்க்கட்டும். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பட்டமும் வேலையும் ஆங்கிலமும் கையில் வந்தால் இருபத்தைந்து வயதில் அதே லண்டனுக்கு அவர்கள் காசில் போகலாம். பத்தொன்பது வயதில் வட்டிக் காசில் போவதைவிட அது நல்லது.

கடைசியாக ஒன்று. 50, 10, 10 என்ற மூன்று இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் என்ன கடதாசி இருக்கிறது என்று எழுதுங்கள். வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அதுதான் வீசா மறுக்கப்படும் இடம். வீட்டில் அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து இதை எழுதுங்கள். விளங்காவிட்டால் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். ஏஜென்சிக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு அல்ல, போடுவதற்கு முன்னால் வாருங்கள்.